இவ்வாண்டு என் நெஞ்சில் நின்றவை



நம் சங்கத்தின் கையெழுத்து ஏட்டில் கவிதைப் பகுதியைக் கவனிப்பவன் என்ற முறையில், இவ்வாண்டு என் நெஞ்சில் நின்ற நூல், இசை, கலை பற்றி உரைக்கப் பணித்துள்ளீர்கள்.

நூல், 1992-இல் பாமா அவர்கள் அளித்த 'கருக்கு'. ஏட்டில் ஏறத் தகாதென்று ஒதுக்கப்பட்ட நம் வீட்டுப் பேச்சே அதன் நடை. ஏட்டுக்கு வந்த கவிதைகளில் நம் தெருச் சொற்களைப் 'பிழை' என்று அடித்தவன் நான். அந்நூலை மீண்டும் படித்தபின் நாணினேன், அடித்தவற்றை மீட்டெழுதினேன்.

இசை, 2018 ஜனவரியில் சென்னையில் முதல் மேடை கண்ட 'கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவினருடையது. சாவு வீட்டோடு நிறுத்தப்பட்ட கானாவைப் பெருமேடையில் முழங்கினர். பண்டிதர் அயோத்திதாசரின் 'சாதியற்ற தமிழர்' என்னும் கருத்தே அவர்கள் பெயருக்கு மூலம். 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய அச்சித்த மருத்துவரின் பெயரையே தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை தாங்கி நிற்கிறது. அவ்வழியே நாள்தோறும் செல்லும் நம்முள் அவர் எழுத்தைப் படித்தவர் எத்தனை பேர்?

கலை, மெரினாவில் 1959-இல் நிறுவப்பட்ட, தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலை. நால்வர் பாறையைப் பெயர்க்கின்றனர். பாறை இன்னும் புரளவில்லை. எனினும் ஒருவரும் கையை எடுக்கவில்லை.

இளைஞர்களே! எது நன்று எனத் தேர்ந்து சொல்லும் உரிமையும் கல்வியின் பயனே. உங்கள் தெருச் சொல்லிலேயே எழுதி வாருங்கள். என் பேனா அதன்மேல் கோடு கிழிக்காது.