பாட்டனார் நிலமும் வாரிசு பாத்தியதையும்
(அரிமளம் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)



குடும்பத் தலைவர் ஒருவர் காலஞ்சென்று கருமாதி முடிந்ததும் வீட்டிலே எழும் முதற் கேள்வி, “நிலத்தில் யாருக்கு எவ்வளவு?” என்பதேயாம். அதற்கு விடை காணுமுன் வேறொரு கேள்விக்கு விடை காணவேண்டும். “அந்நிலம் குடும்பத்திற்கு எவ்வாறு வந்தது?” என்பதே அது. இதனை விசாரியாமையால் உடன்பிறந்தார் பகைக்கின்றனர். பட்டா இறந்தவர் பெயரிலேயே நிற்கின்றது. நிலத்தின் பேரில் கடன் பெறுவதும் தடைப்படுகின்றது.

அரிமளத்தில் ஒரு ஹிந்துக் குடியானவர் குடும்பத்தை உதாரணமாகக் கொள்க. பாட்டனார், புதுக்கோட்டை சமஸ்தான காலத்தில், அதாவது 1948 மார்ச்சு 3ந் தேதி சமஸ்தானம் சென்னை மாகாணத்துடன் இணைவதற்கு முன்னர், தம் சுயார்ஜிதத்தால் 4 ஏக்கர் நஞ்செய் கிரயம் பெற்றார். அவருக்கு ஒரே மகன். மனைவி அவருக்கு முன்னரே இறந்துவிட்டார். பின்னர் அவரும் உயில் எழுதாமல் காலமானார். அந்த மகனும் சமீபத்தில் உயிலின்றி இறந்தார். இப்பொழுது இருப்பவர்கள் அவருடைய மனைவி, இரண்டு புதல்வர்கள், மணமாகிப் புருஷன் வீடு சென்ற ஒரு புதல்வி ஆகிய நால்வர். பாகப்பிரிவினை எதுவும் நடக்கவில்லை.

ஹிந்து வாரிசுரிமைச் சட்டம் அமுலுக்கு வந்த நாள் 1956 ஜூன் 17. பாட்டனார் அதற்குப் பிறகு இறந்திருந்தால், நிலம் மகனுக்குத் தனிச் சொத்தாகவே வந்ததாகும். ஆகவே அவருடைய மனைவிக்கும் மக்கள் மூவருக்கும் சம பாகமாக ஆளுக்கு 1 ஏக்கர்.

பாட்டனார் அந்நாளுக்கு முன் இறந்திருந்தாலோ, அது பிதிரார்ஜித சொத்தாகிவிடும். 2005 செப்டம்பர் 9ந் தேதி அமுலுக்கு வந்த திருத்தச் சட்டப்படி புதல்வியும் புதல்வரைப் போலப் பிறப்பாலே பங்காளி ஆகிறாள். அத்தேதியில் தகப்பனார் உயிருடன் இருந்திருக்க வேண்டும் என்பதில்லையென்று சுப்ரீம் கோர்ட்டு 2020 ஆகஸ்டு 11ந் தேதி தீர்ப்பளித்திருக்கின்றது. எனவே தகப்பனார்க்கு ஒன்று, மக்கள் மூவர்க்கு மூன்று என நான்கு பாகம் செய்து, தகப்பனாரின் 1 ஏக்கரை மாத்திரம் மீண்டும் நால்வருக்குப் பகிர வேண்டும். மக்களுக்குத் தலைக்கு 1 ஏக்கர் 25 செண்டு. தாயாருக்கு 25 செண்டு.

பாருங்கள்! பாட்டனார் இறந்த தேதி ஒன்றினால் விதவைத் தாயாரின் பங்கில் முக்கால் ஏக்கர் கூடுகின்றது அல்லது குறைகின்றது. அத்தேதியை அறிந்த முதியோர் உயிருடன் இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்வது விவேகம்.

வாரிசு தேடுவோர் செய்யவேண்டியவை இவை. முதலாவது, மரணப் பதிவுகளும் வம்சாவளியும். இரண்டாவது, பெட்டியிலுள்ள மூலப் பத்திரங்களும், சப் ரிஜிஸ்டிரார் ஆபீசில் பெறும் வில்லங்கச் சான்றும். மூன்றாவது, பட்டா, சிட்டா, அடங்கல். பழைய சர்வே நம்பரையும் புதிய நம்பரையும் ஒப்பிட்டுப் பார்த்தல் அவசியம். நான்காவது, தாசில்தார் வழங்கும் வாரிசுச் சான்று. அச்சான்று வாரிசு யார் என்று காட்டுமேயன்றிப் பங்கு எவ்வளவு என்று தீர்மானிக்காது. பட்டாவும் பாத்தியதைக்கு முடிவான அத்தாட்சியன்று. மூத்த மகன் பெயருக்குப் பட்டா மாறியதனாலேயே மற்றவர் உரிமை அழிந்துவிடாது.

சங்கத்தில் டிபாசிட்டுக்கு நியமனம் பெற்றவர் விஷயமும் அத்தகையதே. தொகை அவர் கையில் கொடுக்கப்படும். ஆயினும் அதனால் மாத்திரம் அவர் மற்ற வாரிசுகளை விலக்கிய சொந்தக்காரர் ஆகார்.

“சீர் செய்து மணம் முடித்தோமே, பெண்ணுக்குப் பங்கு எதற்கு?” என்பாரும் உளர். சீர் பிரியத்தால் செய்வது. பங்கு சட்டத்தால் வருவது. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. சகோதரி மனமுவந்து விட்டுக்கொடுப்பதானால், அவள் படித்தறிந்து எழுதிக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை ரிஜிஸ்தர் செய்யவேண்டும். வெற்றுத் தாளில் கையொப்பம் வாங்குவது தர்மமுமன்று, பயனுமன்று.

தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கு இங்கே நினைக்கத் தக்கது. தகப்பனார் 1938ல் கோர்ட்டு ஏலத்தில் வாங்கிய சுயார்ஜித நிலம், அவருடைய ஒரே புதல்விக்கா, சகோதரன் மகனுக்கா என்பதே வியாஜ்யம். புதல்வி 1967ல் சந்ததியின்றி இறந்தாள். பாகம் கோரி 1991ல் தாவா தொடரப்பட்டது. கீழ்க் கோர்ட்டிலும் ஹைகோர்ட்டிலும் தோற்று, 2022 ஜனவரி 20ந் தேதிதான் சுப்ரீம் கோர்ட்டில் புதல்வியின் உரிமை நிலைநாட்டப்பட்டது. தாவா தொடங்கி 31 வருஷம் சென்றது.

ஆகவே, அன்பர்களே, கூட்டுக் குடும்பச் சொத்தில் தம்மை விலக்கியதை அறிந்தவர் 12 வருஷத்திற்குள் வழக்கிட வேண்டுமென்ற வரையறையை மறவாதிருங்கள். முஸ்லிம், கிறிஸ்தவ அன்பர்களுக்குச் சட்டம் வேறாதலால் அவர்கள் தக்க வக்கீலைக் கலந்துகொள்க. கோர்ட்டுப் படி ஏறுமுன் தாயாரையும் சகோதரிகளையும் கூட்டி வைத்துப் பேசுங்கள். கணக்கை எல்லோர் முன்னிலையிலும் விரித்துக் காட்டுங்கள். பாகத்தைப் பத்திரமாக ரிஜிஸ்தர் செய்து, அவரவர் பெயரில் பட்டா பெற்றுக்கொள்ளுங்கள். பாட்டனார் வியர்வை சிந்தி வாங்கிய நிலம் வழக்குச் செலவிலே கரைந்து போகலாகாது.