மழைப்பனியின் ஆறு முனைகள்



குளிர்நாடுகளிலே மாரிக்காலத்தில் வானினின்று பஞ்சுபோல் இறங்குவது மழைப்பனி. புல்நுனியில் நாம் காணும் பனித்துளி வேறு, இது வேறு. நன்கு உருவான ஒரு பனித்துகளை உருப்பெருக்குங் கண்ணாடியால் நோக்கின் ஆறு முனைகள் தோன்றும். ஐந்தோ ஏழோ ஆகாது ஆறாவது ஏன்?

தம் மேலங்கியில் வீழ்ந்த பனித்துகள்களைக் கண்டு இவ்வினாவை எழுப்பியவர் வானியலறிஞர் கெப்ளர். 1611ஆம் ஆண்டில் இதுபற்றி ஒரு சிறு நூலே எழுதினார். பல விடைகளை ஆராய்ந்தார்; ஒன்றிலும் நிறைவு கொள்ளாது, வினாவைப் பின்வருவோர்க்கு விட்டுச் சென்றார்.

முந்நூறு ஆண்டுகள் கழிந்து, ஊடுகதிர் ஆராய்ச்சி விடை தந்தது. நீர் உறையும்போது அதன் மூலக்கூறுகள் அறுகோண வளையங்களாக இணைகின்றன. முகிலிலே நுண்ணிய தூசியைப் பற்றி உறைந்த துளி, சூழவுள்ள நீராவியை ஏற்று முதலில் சிறியதோர் அறுகோணப் பட்டகமாகிறது. அதன் மூலைகள் புறத்தே நீண்டிருத்தலின், நீராவி அவற்றையே முந்தி அடைகிறது. ஆகவே மூலைகள் விரைந்து வளர்ந்து ஆறு கிளைகளாகின்றன.

ஆறு என்பது விதி; ஆயினும் வடிவங்களோ எண்ணில. அமெரிக்காவின் வேமொண்ட் மாநிலத்து உழவர் வில்சன் பென்ற்லி, நுணுக்குக்காட்டியோடு நிழற்படக் கருவியை இணைத்து, 1885இல் பனிப்பளிங்கைப் படம்பிடித்தார். 1931இல் மறையும்வரை 5000க்கு மேற்பட்ட படங்கள் எடுத்தார். ஒன்றையொத்த மற்றொன்றை அவர் கண்டிலர்.

இவ்வேறுபாட்டின் காரணத்தை விளக்கியவர் யப்பானியப் பௌதிக அறிஞர் நாக்கயா. 1930இல் அவர் ஒக்கைடோ பல்கலைக்கழகத்திற் சேர்ந்தபோது ஆய்வுக்கு வேண்டிய கருவிகள் அங்கிருக்கவில்லை. பனியோ நிரம்ப இருந்தது. அதனையே ஆய்பொருளாகக் கொண்டார். 1936இல் குளிரறையொன்றில், முயல்மயிரின்மீது செயற்கைப் பனிப்பளிங்கை வளர்த்தார். வெப்பநிலையும் ஈரமுமே வடிவத்தை ஆள்வன என்று காட்டினார். சுழியத்துக்குக் கீழே ஏறத்தாழ 2 பாகையில் தட்டு உருவாகும். 5 பாகையில் ஊசி உருவாகும். 15 பாகையில் ஈரம் மிகின், கிளைவிட்ட விண்மீன் உருவாகும்.

எனவே பனித்துகளின் வடிவம் அது வந்த வழியின் வரலாறாகும். ஒரே துகளின் ஆறு கிளைகளும் ஒரே வழியில் வந்தமையால் தம்முள் ஒத்திருக்கின்றன. வெவ்வேறு துகள்கள் வெவ்வேறு வழியில் வந்தமையால் வேறுபடுகின்றன.

கருவியில்லை, ஆய்வுகூடமில்லை என்று சோர்வுறும் மாணவர்கள் இவர்களை எண்ணிப் பார்த்தல் நன்று. ஒருவர் மேலங்கியிற் கண்டதை வினாவாக்கினார். ஒருவர் தம் ஊரிற் பெய்ததைப் படமாக்கினார். ஒருவர் இல்லாததற்கு ஏங்காது இருந்ததை ஆராய்ந்தார். அறிவு அருகிலிருப்பதை உற்றுநோக்குவதில் தொடங்குகிறது.