நினைவிழந்தோரும் அவர்தம் இல்லத்தாரும்



1901ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், ஜெர்மனியின் பிராங்பர்ட் நகர மனநோய் மருத்துவமனைக்கு 51 அகவையுடைய ஒரு பெண்மணி அழைத்து வரப்பட்டார். அகுஸ்தே என்பது அவர்தம் பெயர். கணவரின் பெயர் யாதென மருத்துவர் வினவ, அவர் தம் பெயரையே விடையாகக் கூறினார். தம் பெயரை எழுதுமாறு தாளும் எழுதுகோலும் தந்தபோது, தொடங்கியதை முடிக்க இயலாது நின்றார். வினவியவரே மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர். 1906இல் அவ்வம்மையார் மறைந்தபின் அவர்தம் மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, நரம்பணுக்களுக்கு வெளியே படிவுகளையும் உள்ளே முறுக்கேறிய இழைகளையும் கண்டார். அவ்வாண்டு நவம்பரில் டூபிங்கன் நகரில் மருத்துவர் அவையில் இதனை எடுத்துரைத்தார். கேட்டிருந்தோர் ஒரு வினாவும் எழுப்பவில்லை! 1910இல் பேராசிரியர் கிரெப்பெலின் தம் நூலில் இந்நோய்க்கு அல்சைமரின் பெயரைச் சூட்டினார்.

அப்படிவு அமிலாய்டு என்னும் புரதம். இழைகள் டௌ என்னும் புரதம். நோய்க்குறி தோன்றுவதற்குப் பல்லாண்டுகள் முன்பே இவை சேரத் தொடங்கிவிடுகின்றன. முதுமையே முதற்காரணம். அபோ-இ4 என்னும் மரபணு வகை நோய்வாய்ப்படும் வாய்ப்பை உயர்த்துவதாக 1993இல் கண்டறியப்பட்டது. எனினும் அதனை உடையோர் அனைவரும் நோயுறுவதில்லை.

ஈண்டு ஓர் ஆய்வைக் கூறாது செல்லல் ஆகாது. டேவிட் ஸ்னோடன் என்பார் 1986இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆய்வில் 678 கத்தோலிக்கக் கன்னியர் பங்கேற்றனர். இறந்தபின் தம் மூளையை ஆய்வுக்கு அளிக்கவும் இசைந்தனர். அவர்களுள் நூறு அகவை கடந்து வாழ்ந்த ஒருவர் இறுதிவரை தெளிந்த அறிவுடன் இருந்தார். ஆயினும் அவர் மூளையில் நோயின் படிவுகள் மிகுந்திருந்தன! இளமையில் செறிந்த கருத்துடன் எழுதியோர் முதுமையில் நோய்க்கு ஆட்படுவது குறைவு என்றும் அவ்வாய்வு காட்டிற்று.

நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, புகைப்பழக்கம், காது கேளாமை, தனிமை முதலிய 14 காரணங்களைக் களைந்தால் முதுமை மறதி நோய்களுள் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என 2024இல் லான்செட் ஆய்வுக்குழு கூறியது. நீரிழிவு மலிந்த நம்மவர் இல்லங்களில் இது கருதத்தக்கது.

மருந்துகள் உண்டா எனின், உண்டு. முற்றும் தீர்ப்பன இல்லை. 1996இல் அமெரிக்க ஒப்புதல் பெற்ற டொனெபெசில் சிலருக்குச் சிறிது காலம் தெளிவு தரும். 2023இல் முழு ஒப்புதல் பெற்ற லெக்கானமாப், தொடக்கநிலை நோயாளரிடம் 18 மாத ஆய்வில் நலிவின் வேகத்தை 27 விழுக்காடு குறைத்தது. மூளை வீக்கமும் இரத்தக் கசிவும் சிலருக்கு நேர்ந்தன.

ஆகவே பெரும்பங்கு மருந்தகத்தில் அன்று, இல்லத்திலேயே நிகழ்கிறது. மறைந்த கணவர் எப்போது வருவார் என மூதாட்டி ஒருவர் நாள்தோறும் கேட்கிறார். இறந்துவிட்டார் என ஒவ்வொரு முறையும் உரைத்தால், ஒவ்வொரு முறையும் அது அவருக்குப் புதிய துயரமே. "அப்பாவுக்கு என்னம்மா பிடிக்கும்?" என்று மகள் கேட்டால், அவர் கணவருக்குப் பிடித்த மீன்குழம்பைப் பற்றி மகிழ்ந்து பேசக்கூடும். பிற்காலத்தில் கற்ற ஆங்கிலமும் மலாயும் முன்னே மறைந்து, தாய்மொழி மட்டும் எஞ்சுவதும் உண்டு. தமிழறியாப் பணிப்பெண்ணுக்குத் தண்ணீர், பசி, வலி, கழிவறை என்னும் சொற்களையேனும் கற்பித்தல் வேண்டும். பேச்சுக் குன்றியவரும் சிறுவயதில் பாடிய திருமுறைப் பாடலை உடன்பாடக் காணலாம்.

"வயதானால் மறதிதானே" என ஒதுக்குவதும், ஊரார் அறியலாகாதென மறைப்பதும் நம்மிடையே உண்டு. பழகிய தெருவில் வழி தடுமாறினாலோ, அடுப்பை அணைக்காது விட்டாலோ மருத்துவரை நாடுதல் நன்று. சிங்கப்பூரில் 1990இல் தொடங்கப்பட்ட அல்சைமர் நோய்ச் சங்கம், இந்நாளில் டிமென்ஷியா சிங்கப்பூர் என்னும் பெயரில் பராமரிப்போர்க்கு வழிகாட்டுகிறது.

பராமரிப்பவர் பெரும்பாலும் மகளோ மருமகளோ ஆவார். இரவில் மாமியார் வாயிற்கதவைத் திறப்பாரோ என்றெண்ணி உறங்காதவர் அவர். அவரைக் காணும்போது அறிவுரை கூறுவோர் பலர். "இன்று மாலை இரண்டு மணி நேரம் நான் அமர்கிறேன்" என்போர் சிலரே. வெள்ளிக்கிழமைதோறும் ஓர் உறவினர் அவ்வாறு வந்தமர்ந்தால், அம்மருமகள் அர்ச்சனைத் தட்டுடன் இச்சன்னிதிக்கு வந்து, அவசரமின்றித் தொழுது செல்வார்.