எங்கே இடிக்கிறது?

(குறுவள மையக் கூட்டத்தில் கணித ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கணிதக் கற்பித்தலில் என் அனுபவம் ஒன்றைப் பகிர்ந்துகொள்ளச் சொன்னார்கள். நான் சொல்லப்போவது எங்கள் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் ஒரு லாரி விளையாட்டை ஓடவைக்கப் பட்ட பாட்டை. சிரிக்கிறீர்கள். கணிதத்துக்குக் கட்டாயம் வந்துவிடுவேன்.

அந்தக் கம்ப்யூட்டர் 2012இல் வாங்கியது. இரண்டாம் தலைமுறை ஐ3 பிராசஸர், 2 ஜிபி ரேம், விண்டோஸ் 7. வாங்கும்போது என் மகனுக்கு ஒரு வயது. வினாத்தாள் தட்டச்சு செய்வது, வருமான வரிக் கணக்குப் போடுவது, இவ்வளவுதான் அதற்கு வேலை. சென்ற பொங்கல் விடுமுறையில் மகனுக்கு 'யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2' ஆட ஆசை வந்தது. 2012இலேயே வெளிவந்த விளையாட்டுதான். ஐரோப்பியச் சாலைகளில் சரக்கு லாரி ஓட்ட வேண்டும். சுடுவது, வெட்டுவது எதுவும் கிடையாது. நம் ஊர்ப் பேருந்துகளையே அதற்குள் கொண்டுவந்து ஓட்டும் பையன்களும் இருக்கிறார்கள். கம்ப்யூட்டரும் 2012, விளையாட்டும் 2012, பிறகென்ன என்று நினைத்தேன். ஆனால் அந்த விளையாட்டு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டு வந்திருக்கிறது. சாலைகள் கூடின, வெளிச்சமும் நிழலும் கூடின. பெயர் மட்டும்தான் பழையது. எங்கள் கம்ப்யூட்டர் அப்படியே நின்றுவிட்டது.

"ரேம் பத்தலை, அவ்வளவுதான்" என்று நான் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். "விண்டோஸ் 7ல ஸ்டீமே ஓடாதுப்பா" என்றான் மகன். காதில் வாங்கவில்லை. கடைத்தெருவுக்குப் போய் 8 ஜிபி ரேம் ஒன்று வாங்கி வந்தேன். பொருத்தப் பார்த்தால் உள்ளே இறங்கவில்லை. நான் வாங்கியது டிடிஆர் 4. எங்கள் மதர்போர்டில் இருப்பது டிடிஆர் 3. இரண்டுக்கும் நடுவிலுள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். தவறான துளையில் மாட்டக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். எனக்கு அது தெரியாமல் அரை மணி நேரம் அழுத்திப் பார்த்தேன். உடையாமல் தப்பியது.

விற்ற கடையில் திருப்பி வாங்க மாட்டோம் என்றார்கள். "முக்குல ஒரு சர்வீஸ் கடை இருக்கு, கேட்டுப் பாருங்க" என்று கைகாட்டினார்கள். அங்கே போனேன். கடையின் பின்பக்கம் ஒரு பையன் ஸ்குரூ டிரைவரோடு குனிந்து உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் இன்னும் குனிந்தான். என் ஒன்பதாம் வகுப்பு மாணவன். அரையாண்டு விடுமுறைக்குப் பிறகு பள்ளிக்கே வரவில்லை. தினமும் எமிஸில் அவனுக்கு வருகை இல்லை என்று பதிந்துகொண்டே இருந்தேன். ஒரு முறை அவன் வீட்டுக்குப் போன் செய்தேன், அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அதோடு விட்டுவிட்டேன். அதற்கு நான் எந்தச் சாக்கும் சொல்லப்போவதில்லை.

காலாண்டுத் தேர்வில் அவன் கணிதத்தில் 19. 'கவனக் குறைவு' என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன்.

கடை அவனுடைய தாய்மாமாவுடையது. வெளியூர் வேலைக்குப் போன அப்பாவிடமிருந்து பணம் வருவது நின்றுவிட்டதாம். இதையெல்லாம் அவன் அன்றைக்குச் சொல்லவில்லை. அன்றைக்கு என் கையிலிருந்த ரேமைப் பார்த்து, "சார், இது டிடிஆர் 4. உங்க போர்டு என்னது?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. "அத தெரிஞ்சுக்காம வாங்கக் கூடாது சார்." என்னிடம் ஒரு மாணவன் இப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அவன் மாமா பதறி, "டேய், வாத்தியார்கிட்ட அப்படியா பேசுறது" என்று அதட்டினார்.

மறுநாள் மாலை வீட்டுக்கு வந்தான். பழைய டிடிஆர் 3, 4 ஜிபியாக இரண்டு கொண்டுவந்திருந்தான். மாட்டினோம். 8 ஜிபி இருக்கிறது, ஆனால் பயன்படுவது 3 ஜிபி சொச்சம்தான் என்று காட்டியது திரை. நான் மறுபடியும் ரேமைக் குறை சொன்னேன். அவன் சிரித்தான். "ரேம் நல்லாத்தான் இருக்கு சார். விண்டோஸ் 32 பிட்டு. அதுக்கு 4 ஜிபிக்கு மேல எண்ணத் தெரியாது."

எண்ணத் தெரியாது! 32 இடங்களில் 0 அல்லது 1 போட்டால் எத்தனை முகவரிகள் கிடைக்கும்? 2-இன் அடுக்கு 32. அதாவது 429 கோடிச் சொச்சம். அத்தனை பைட்தான் 4 ஜிபி. அதிலும் ஒரு பங்கை மற்ற உறுப்புகள் எடுத்துக்கொள்ளும். இருபது ஆண்டுகளாக அடுக்குகள் நடத்துகிறேன். அடுக்கு ஒன்று என் வீட்டு மேசையில் உட்கார்ந்து என்னை வழிமறித்தது அன்றுதான்.

அதற்குப் பிறகு எட்டாம் வகுப்பில் அடுக்குகளை நடத்தும்போது இந்தக் கணக்கையும் சேர்த்துக்கொள்கிறேன். 1993இல் வந்த 'டூம்' விளையாட்டுக்குக் குறைந்தது 4 எம்பி ரேம் வேண்டும். 2003இல் கம்ப்யூட்டருக்கு வந்த 'ஜிடிஏ வைஸ் சிட்டி'க்கு 128 எம்பி. 2015இல் கம்ப்யூட்டருக்கு வந்த 'ஜிடிஏ 5'க்கு 4 ஜிபி, அதாவது 4096 எம்பி. முதல் பத்து ஆண்டில் 32 மடங்கு. அடுத்த பன்னிரண்டு ஆண்டில் மறுபடியும் 32 மடங்கு. 32 என்பது 2-இன் அடுக்கு 5. ஐந்து முறை இரட்டிப்பு, மீண்டும் ஐந்து முறை இரட்டிப்பு, மொத்தம் 1024 மடங்கு. ஏறத்தாழ இரண்டே கால் ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது. வீட்டுக் கம்ப்யூட்டர் ஏன் பழசாகிறது என்று பிள்ளைகளுக்கு இதைவிட எளிதாக என்னால் சொல்ல முடியவில்லை. (இவை பிள்ளைகள் ஆடத் தக்கவை என்று சொல்லவில்லை. கடைசியாகச் சொன்னது வயது வந்தவர்களுக்கானது. பெயரைச் சொன்னாலே வகுப்பில் பாதிப் பேர் சிரிக்கிறார்கள் என்பது தனிக் கவலை.)

கதைக்கு வருகிறேன். 64 பிட் விண்டோஸ் 10 போட்டோம். மகன் சொன்னதும் சரிதான். 2024 ஜனவரி 1 முதல் ஸ்டீம் விண்டோஸ் 7-க்கான ஆதரவை நிறுத்தியிருந்தது. விளையாட்டு இறங்கியது, ஆனால் திறக்கவில்லை. அதற்கு டைரக்ட்எக்ஸ் 11 வேண்டும். எங்கள் பிராசஸரோடு கூடவே வந்த கிராஃபிக்ஸ் 10.1 வரைதான் போகும். அந்தப் பிழைச் செய்தி முழுக்க ஆங்கிலம். ஆங்கிலப் பாடத்தில் நான்கு வரி வாசிக்கத் திணறுகிறான் என்று சக ஆசிரியர் என்னிடம் வருத்தப்பட்ட அதே பையன், அதை வாசித்து, எந்தச் சொல் முக்கியம், எதை விட்டுவிடலாம் என்று சொன்னான். பழைய ஜிடி 730 கார்டு ஒன்றை மாமா கடையிலிருந்து குறைந்த விலைக்கு வாங்கித் தந்தான்.

விளையாட்டு திறந்தது. லாரி நகர்ந்தது. ஆனால் நகர்ந்து நகர்ந்து நின்றது, நம் ஊர் ரேஷன் கடை வரிசை மாதிரி. மகன் முகம் வாடிவிட்டது.

இனி நடந்ததுதான் நான் இங்கே பேச வந்த காரணம். அந்தப் பையன் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தான். கோடு போட்டான். விளையாட்டின் மூலையில் நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்று காட்டும் எண்ணை வரவழைத்தான். ஒரே சாலை, ஒரே இடம், ஒரே நேரம். நிழலை மட்டும் குறைத்து எழுதினான். பிறகு நிழலைப் பழையபடி வைத்துவிட்டு, பக்கக் கண்ணாடியை மட்டும் குறைத்து எழுதினான். என் மகன் பொறுமையிழந்து, "எல்லாத்தையும் மொத்தமா கொறச்சிடுண்ணா" என்றான். "அப்படிச் செஞ்சா எதனால கூடுச்சுன்னு தெரியாதுடா. ஒரு தடவைக்கு ஒண்ணுதான் மாத்தணும். எங்க இடிக்குதுன்னு பாக்கணும்ல?"

கண்ணாடியைக் குறைத்தபோது எண் நன்றாகவே ஏறியது. ஏன் என்று கேட்டேன். "கண்ணாடிக்குள்ள தெரியுற ரோட்டையும் அது இன்னொரு தடவை வரையணும் சார்." கண்ணாடி இல்லாமல் லாரி ஓட்ட முடியாது என்று மகன் அடம்பிடித்ததால் அதைப் பழையபடியே வைத்தோம்.

அறிவியல் செய்முறை வகுப்பில் 'ஒன்றை மட்டும் மாற்று, மற்றவற்றை மாறாமல் வை' என்று தொண்டை வற்றக் கத்துகிறோம். இவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வசதியுள்ள வீட்டில் புதுக் கம்ப்யூட்டர் வாங்கியிருப்பார்கள். அங்கே இந்த நோட்டுக்கு வேலையே இருந்திருக்காது.

கடைசியாக, விளையாட்டின் அமைப்புக் கோப்பைத் திறந்தான். அதில் ஆர் ஸ்கேல் எக்ஸ், ஆர் ஸ்கேல் ஒய் என்று இரண்டு வரி இருக்கிறது. இரண்டையும் 0.5 ஆக்கினான். எங்கள் திரை 1366 × 768, அதாவது 10,49,088 பிக்சல். நீளமும் பாதி, அகலமும் பாதி என்றால் 683 × 384, அதாவது 2,62,272 பிக்சல். சரியாகக் கால் பங்கு. நெடுஞ்சாலையில் நொடிக்கு 14 ஃபிரேமாக இருந்தது 31 ஆனது. படம் கொஞ்சம் மங்கல்தான், ஆனால் லாரி ஓடியது. மகன் கத்திய கத்தலில் என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தார். நகருக்குள் நுழைந்தால் மட்டும் 8 இருந்தது 12 ஆனது. அதற்குமேல் ஏறவில்லை.

"சார், இனிமே நல்ல கார்டு வாங்குனாலும் டவுனுக்குள்ள பெருசா கூடாது. அங்க பிராசஸர்ல இடிக்குது" என்று சொல்லிவிட்டு நோட்டை மூடினான்.

மறுநாள் தலைமையாசிரியரோடு அவன் வீட்டுக்குப் போனேன். மூன்று தடவை போக வேண்டியிருந்தது. அம்மாவை விட மாமாவிடம் பேசுவதுதான் கடினமாக இருந்தது. அவர் கெட்டவர் அல்லர். இரண்டு குடும்பத்தைச் சுமக்கிறார். பள்ளி முடிந்து மாலை ஐந்து மணிக்குமேல் மட்டும் கடை என்று ஒத்துக்கொண்டார். பிப்ரவரி முதல் வாரத்தில் வந்தான். கடைசி வரிசையில் உட்கார்ந்தான்.

இருமாறி நேரியல் சமன்பாடுகளைத் திருப்புதல் செய்த நாளில் அவனிடம் அனுமதி கேட்டு, அந்த நோட்டில் இருந்த எண்களைக் கரும்பலகையில் எழுதினேன். பிக்சல் கால் பங்கு ஆனதே, 14 ஏன் 56 ஆகவில்லை? வகுப்பில் சத்தமில்லை. பிறகு ஒரு மாணவி, "எல்லா வேலையும் படம் வரையறது இல்லையே சார்" என்றாள்.

அதைப் பிடித்துக்கொண்டோம். நொடிக்கு 14 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்கு 71 மில்லி நொடி. 31 என்றால் 32 மில்லி நொடி. பிக்சலைப் பொறுத்த வேலைக்கு ஆகும் நேரம் ய. மற்ற வேலைக்கு ஆகும் நேரம் க. முதலில் க + ய = 71. பிக்சலைக் கால் பங்காக்கியபின் க + ய/4 = 32. கழித்தால் ய = 52, க = 19. நகருக்குள்? 8 ஃபிரேம் என்றால் 125 மில்லி நொடி, 12 என்றால் 83. அதே முறையில் ய = 56, க = 69. (உண்மையில் இரண்டு வேலையும் ஓரளவு ஒரே சமயத்தில் நடக்கும், இது தோராயக் கணக்கு என்பதை வகுப்பிலும் சொன்னேன்.) படம் வரையும் நேரம் இரண்டு இடத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மற்ற வேலை 19இலிருந்து 69 ஆகிவிட்டது. நகருக்குள் அத்தனை வண்டிகள், சிக்னல்கள். ஒவ்வொன்றும் எங்கே போக வேண்டும் என்று பிராசஸர் கணக்குப் போட வேண்டும். படம் வரைய ஒரு நொடியும் ஆகவில்லை என்று வைத்துக்கொண்டாலும் ஃபிரேமுக்கு 69 ஆகும். 15 ஃபிரேமைத் தொட முடியாது.

கடைசி வரிசையிலிருந்து, "அப்ப நான் சொன்னது சரிதானா சார்?" என்று குரல் வந்தது.

சரிதான் என்றேன். கரும்பலகையில் இருந்ததை அவன் நோட்டில் எழுதிக்கொண்டான். அந்தச் சின்ன நோட்டில் அல்ல, கணித நோட்டில்.

இப்போது பத்தாம் வகுப்பு. மாதத்தில் இரண்டு மூன்று நாள் இன்னும் வராமல் இருக்கிறான். அப்போதெல்லாம் கடைக்கே போய்க் கேட்டுவிடுகிறேன். என் மகன் நகரங்களுக்குள் போவதை விட்டுவிட்டு நெடுஞ்சாலையிலேயே சரக்கு ஏற்றி இறக்குகிறான். டிடிஆர் 4 ரேம் என் மேசை அறையில் அப்படியே கிடக்கிறது. யாருக்காவது வேண்டுமானால் தேநீர் இடைவேளையில் சொல்லுங்கள். முதலில் உங்கள் போர்டு என்னது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.