கரி மூட்டை கற்றுத்தந்த கணக்கு



குற்றாலத்துல சாரல் விழுந்தா, ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் எங்க பார்பிக்யூ சிக்கன் கடைக்கு ஓய்வே கிடையாது. முதல் சீசன்ல குழுக் கடன்ல பத்து மூட்டை கரி வாங்கினோம். எடை சரியா இருந்துச்சு. ஆனா பாதி ஈரம், மீதி தூள். தண்ணிக்குத்தான் காசு கொடுத்திருக்கோம்! புகை தாங்காம சாப்பிட வந்தவங்க எழுந்து போனாங்க. அந்த மாசத் தவணையை என் கம்மலை அடகு வச்சுத்தான் கட்டினேன்.

அடுத்த வருஷம் நாலு குழு சேர்ந்து, ராமநாதபுரம் பக்கம் கரிமூட்டம் போடுற இடத்துக்கே போனோம். சீமைக்கருவேல விறகை அடுக்கி, மண் மூடி, காற்று அதிகம் புகாமல் நாள்கணக்கில் வேக விடுகிறார்கள். சாரலுக்கு முன்னாடி, மே மாசமே, ஒரே லாரியில ஏத்தி வந்து பிரிச்சுக்கிட்டோம். லாரி வாடகையும் நாலு பங்காச்சு.

நான் சொல்றது இதுதான்: மூட்டையை அவிழ்த்துப் பார்க்காம காசு கொடுக்காதீங்க. நல்ல கரி தட்டினா கணீர்னு கேக்கும். ஈரத்தரையில வைக்காம பலகை மேல அடுக்குங்க. அடைச்ச அறையில மட்டும் கரி மூட்டாதீங்க. அந்த வாயு உசிரையே எடுத்துடும்.

கம்மலைத் திருப்பிட்டேன். போட்டுக்கிட்டுத்தான் பேசுறேன்.