ஓடுகிற காலும் சூளையில் வைத்த சரக்கும்

(முன்னாள் மாணவர் சங்கமத்தில் ஆற்றிய உரை)



"ஏதாவது டெக்னிக்கலா பேசுப்பா" என்று சங்கத்தில் சொன்னார்கள். கால் வலியைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். "என்னப்பா, எப்போ டாக்டர் ஆனே?" என்று சிரித்தார்கள். நான் இன்றைக்கும் சூளைக்காரன்தான். ஆனால் சூளையில் கற்ற பாடத்தை வீட்டில் மறந்துவிட்டேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

விடிகாலையில் விருத்தாசலத்தில் ரயிலை விட்டு இறங்கினால், சாலை ஓரமாக நம் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். காவலர் தேர்வென்றால் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். அக்னிவீர் ஆள்சேர்ப்பு என்றால் 1.6 கிலோமீட்டர் ஓட்டம். இரண்டுக்கும் வயது வரம்பு உண்டு. அந்த ஓட்டத்துக்குப் பின்னால் ஒரு குடும்பமே நிற்கிறது.

என் அக்கா மகனும் அப்படி ஓடியவன்தான். ஒருநாள், "மாமா, முன்கால் எலும்பு வலிக்குது" என்றான். அதற்குச் சில மாதம் முன்பு நானும் தொப்பையைக் குறைக்கிறேன் என்று ஓடத் தொடங்கி, அதே மாதிரி வலித்து, ஓட்டத்தைக் குறைத்ததும் சரியாகி இருந்தது. அந்தத் தைரியத்தில், "எல்லாருக்கும் வர்றதுதான்டா, பழகிடும், ஓடு" என்றேன். குறைத்ததால்தான் எனக்குச் சரியானது என்பதைச் சொல்ல விட்டுவிட்டேன்.

அவன் வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடினான். எக்ஸ்ரே எடுத்தார்கள், ஒன்றுமில்லை என்று வந்தது. மறுபடியும் ஓடினான். மூன்று வாரம் கழித்து நொண்ட ஆரம்பித்தான். இரண்டாவது எக்ஸ்ரேயில் கணைக்கால் எலும்பில் விரிசல் தெரிந்தது. அந்த வருடத்து ஆள்சேர்ப்பு போயிற்று. அடுத்த வருடம் வயது தாண்டிவிட்டது. அக்கா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

அதன்பிறகு படித்தும் டாக்டர்களைக் கேட்டும் தெரிந்துகொண்டேன். என் வலியும் அவன் வலியும் ஒன்றல்ல. கணைக்கால் எலும்பின் உள்விளிம்பை ஒட்டி, நாலைந்து விரல் நீளத்துக்குப் பரவலாக வலித்தால் அது ஆங்கிலத்தில் 'ஷின் ஸ்ப்ளின்ட்ஸ்' என்பது. ஆரம்பக் கட்டத்தில், உடம்பு சூடேறினால் குறையும். ஓடி முடித்ததும் மறுபடி தலைகாட்டும். அதுவே ஒரு விரல் நுனி அளவு இடத்தில் சுருக்கென்று வலித்து, ஓட ஓடக் கூடி, படுத்த பிறகும் விடாமல் இருந்தால் விரிசலாக இருக்கலாம். இந்த விரிசல் முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமலே போவதுண்டு. எம்.ஆர்.ஐ. அதை முன்கூட்டியே காட்டிவிடும்.

இது புதிய வியாதியல்ல. 1855-லேயே பிரைத்ஹாப்ட் என்ற பிரஷ்ய ராணுவ மருத்துவர், அணிவகுத்து நடந்த சிப்பாய்களுக்குப் பாதம் வீங்கி வலிப்பதை எழுதி வைத்தார். காரணம் தெரியவில்லை. எக்ஸ்ரே வந்த பிறகு, 1897-இல்தான் அது எலும்பு விரிசல் என்று தெரிந்தது. 1960-இலும் 1964-இலும் ஒலிம்பிக் மாரத்தானில் தங்கம் வாங்கிய எத்தியோப்பியாவின் அபெபே பிகிலா, 1968-இல் மெக்சிகோவில் காயம்பட்ட காலோடு ஓடத் தொடங்கி, 17-ஆவது கிலோமீட்டர் வாக்கில் விலகினார். அவருக்கே அப்படியென்றால் நாம் எம்மாத்திரம்!

இனி நம்ம சப்ஜெக்ட். எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, ஹைட்ராக்சி அபடைட் என்ற கால்சியம் பாஸ்பேட் தாது. அதாவது செராமிக். போன் சைனாவுக்கு எலும்புச் சாம்பல் சேர்க்கிற நமக்கு இது புதிதல்ல. மீதி கொலாஜன் என்ற புரதமும் கொஞ்சம் தண்ணீரும். ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. நிமிடத்துக்கு 160 அடி வீதம் அரை மணி நேரம் ஓடினால் 4800 அடி. ஒரு காலுக்கு 2400.

நாம் சுட்ட சரக்கில் விரிசல் விழுந்தால் விழுந்ததுதான். எலும்பு தன்னைத்தானே பழுது பார்க்கும். ஆனால் எப்படி? பழையதை முதலில் அரித்து எடுக்கும். அதற்கு ஏறத்தாழ மூன்று வாரம். பிறகு புதியதை நிரப்பும். அதற்கு ஏறத்தாழ மூன்று மாதம். இடைப்பட்ட காலத்தில் அந்த இடம் முன்னைவிடப் பலவீனம். பையன் புதிதாக ஓடத் தொடங்கி மூன்றாவது நான்காவது வாரம் வலி வருவது ஏன் என்று இப்போது புரிகிறதல்லவா?

573 டிகிரியில் குவார்ட்ஸ் மாறும்போது அவசரப்பட்டால் என்ன ஆகும் என்று நமக்கு வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பார்கள்! ஆர்டர் அவசரம் என்று சூளையைச் சீக்கிரம் ஆறவிட்டவர்களுக்கு உடைசல்தான் மிச்சம். காலுக்கும் அந்தக் கணக்குதான். தூரத்தையும் வேகத்தையும் ஒரே வாரத்தில் ஏற்றக்கூடாது. வாரத்தில் ஓரிரு நாளாவது காலை ஆறவிட வேண்டும்.

பரவலான வலி என்றால் சில வாரம் ஓட்டத்தைக் குறையுங்கள், தேவைப்பட்டால் நிறுத்துங்கள். சைக்கிள், நீச்சல் தொடரலாம். ஐஸ் ஒத்தடம் வலிக்கு இதம், அவ்வளவுதான். குதிகாலைத் தூக்கி இறக்கும் பயிற்சி கெண்டைக்கால் தசையைப் பலப்படுத்தும். எட்டிப் போட்டு ஓடாமல் அடியைச் சற்றுக் குறுக்கினால் எலும்பில் விழும் சுமை குறையும். தேய்ந்த ஷூவை மாற்றுங்கள். பால், கேழ்வரகு, வயிறாரச் சாப்பாடு வேண்டும். பட்டினியோடு ஓடினால் எலும்பு தேறாது. வலியில்லாமல் வேகமாக நடக்க முடிந்த பிறகே மறுபடி ஓட்டம். ஒரே இடத்து வலி, இரவு வலி என்றால் அன்றோடு ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் போகவேண்டும். விரிசல் ஆற பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரம். முன்பக்க விளிம்பில் விழுந்தால் பல மாதம்கூட ஆகும். கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் அது ரத்தக் கட்டாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரி. மாத்திரை போட்டு ஓடுவது, சூளையின் வெப்பமானியைக் கழற்றி வைத்துவிட்டுத் தீ மூட்டுகிற வேலை.

அக்கா மகன் இப்போது காவலர் தேர்வுக்கு ஓடுகிறான். அதற்கு வயது இருக்கிறது. வாரத்துக்கு எவ்வளவு ஓடினான், எங்கே வலித்தது என்று ஒரு நோட்டில் எழுதுகிறான். நம்ம ஃபயரிங் லாக் மாதிரிதான். ஞாயிற்றுக்கிழமை நான் அதை வாங்கிப் பார்க்கிறேன்.

உங்கள் தெருவிலும் ஒரு பிள்ளை ஓடிக்கொண்டிருப்பான். வலிக்குது என்று வந்தால், "பழகிடும்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். "எங்கேப்பா வலிக்குது, விரலை வச்சுக் காட்டு" என்று கேளுங்கள்.