கத்தியை எடுக்கும் முன் அவள் எத்தனை கதவுகளைத் தட்டினாள்?

(மயிலத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



மனைவி கணவனைக் கொன்றாள், தாய் பிள்ளைகளைக் கிணற்றில் தள்ளினாள் என்று செய்தி வந்தால் கடைத் திண்ணையிலேயே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். 'இவள் பெண்ணா, பேயா?' என்கிறோம். அவள் ஏன் அந்த நிலைக்கு வந்தாள் என்று கேட்கிறோமா?

குற்றம் குற்றமே. பணத்தாசையாலும் பொறாமையாலும் கொலை செய்த பெண்கள் உண்டு. 1991-இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியைக் கொன்ற வெடிகுண்டை உடலில் கட்டி வந்தவளும் ஒரு பெண்தான். அவளை இயக்கியது அரசியல். ஆனால் வீட்டுக்குள் நடக்கும் கொலைகள் பலவற்றின் வேர் வேறு.

நல்லதங்காள் கதையை அறியாதவர் இங்கே யார்? பஞ்சத்தில் அண்ணன் வீட்டைத் தேடிப் போனாள். அண்ணி விரட்டினாள். ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போட்டுத் தானும் விழுந்தாள். 1989-இல் சென்னை உயர்நீதிமன்றம் அந்தப் பெயரையே ஒரு வழக்கில் எடுத்துச் சொன்னது. பிள்ளைகளோடு கிணற்றில் குதித்து, தான் மட்டும் உயிர் தப்பிய ஒரு தாயின் வழக்கு அது. சட்டத்தில் எழுதப்பட்டிருந்ததோ திடீரென்று மூளும் கோபம் மட்டுமே. நாள்தோறும் சேர்ந்துவரும் கொடுமையும் மனிதரை நிலைகுலையச் செய்யும், கடைசியாக நடந்தது அற்பமாக இருந்தாலும் முன்பு நடந்தவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று நீதிமன்றம் ஏற்றது. கொலைக் குற்றம், கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமாகக் குறைந்தது.

2012-இல் மதுரையில் நடந்ததைப் பாருங்கள். பெற்ற மகளையே மானபங்கம் செய்ய முயன்ற கணவனைத் தாய் கிரிக்கெட் மட்டையால் அடித்தாள். அவன் இறந்தான். மாவட்டக் காவல் கண்காணிப்பாளராக இருந்த அஸ்ரா கர்க், தற்காப்பு உரிமை பற்றிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 100-ஆம் பிரிவைக் காட்டி அவளை விடுவித்தார். 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அந்த உரிமை 38-ஆம் பிரிவாக இருக்கிறது.

சகோதரர்களே! சட்டம் வருவது இரத்தம் சிந்திய பிறகு. அதற்கு முன் அவள் தாய்வீட்டிடம் சொல்லியிருப்பாள். 'பொறுத்துப் போ' என்றிருப்பார்கள். ஜமாஅத்திடம் வந்திருப்பாள், 'குடும்ப விஷயம்' என்று அனுப்பியிருப்போம். மூடிய ஒவ்வொரு கதவுக்கும் நாம் பதில் சொல்ல வேண்டாமா?

வழிகள் இல்லாமல் இல்லை. 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கிய மகளிர் காவல் நிலையங்கள் இன்று தமிழகமெங்கும் உள்ளன. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி பாதுகாப்பு அலுவலரிடம் முறையிடலாம். கணவன் வீட்டிலேயே வசிக்கும் உரிமையையும் அச்சட்டம் தருகிறது. 181 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

வியாபாரிகளே, அந்த எண்ணை உங்கள் கடையில் எழுதி மாட்டுங்கள். இளைஞர்களே, அடுத்த வீட்டில் அலறல் கேட்டால் வானொலியின் சத்தத்தைக் கூட்டாதீர்கள். எழுந்து போய்க் கதவைத் தட்டுங்கள். அன்று நீங்கள் காப்பாற்றுவது ஒரு பெண்ணை மட்டுமல்ல. அவள் கையால் சாக இருந்தவனையும், அநாதையாக இருந்த பிள்ளைகளையும் சேர்த்துத்தான்.